நாலு கைப் பாட்டில் என் இரண்டு கை

போன வாரம் ஒரு மத்தியானம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் கீழ்வீட்டு முரளி. கழுத்தில் ஹெட்போன், முகத்தில் தயக்கம். சாஃப்ட்வேர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர். என் கதவைத் தட்டினால் ஏதோ புகார் என்று அர்த்தம்.

"சார், தப்பா நினைக்காதீங்க..."

"சொல்லுங்க முரளி. இன்னிக்கு நான் சத்தமே போடலையே."

"அதான் சார் கேக்க வந்தேன். நாலஞ்சு நாளா மேல சத்தமே இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் முழுசாக நம்பவில்லை.

"இல்ல, அந்த டொக்கு டொக்கு கேட்டா, சார் மேல இருக்கார்னு ஒரு இது. சரி சார், மீட்டிங் இருக்கு" என்று இறங்கிப் போனார்.

அந்த 'டொக்கு டொக்கு' என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் பியானோ கற்றுக்கொள்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன். அப்பாவின் மூளை துருப்பிடித்துவிடும் என்று வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கவலை. ஒரு டிஜிட்டல் பியானோவை அனுப்பிவைத்தான். அவனுக்கு வேலை முடிந்தது. எனக்கு ஆரம்பித்தது.

டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் இசை எனக்கு மட்டும் கேட்கும். விரல் கட்டைகளில் விழும் சத்தம் மட்டும் தரை வழியாகக் கீழே இறங்கும். ஆரம்பத்தில் முரளி வந்து, "சார், மேல தேங்காய் உடைக்கிறீங்களா? கிளையன்ட் கேக்கறாங்க" என்றார். எங்கள் குடியிருப்பின் ஒலிக் கட்டுப்பாட்டு விதியை எழுதியவனே நான்தான். "விதி இசைக்கருவியின் ஓசையைப் பற்றித்தான் பேசுகிறது. உங்களுக்குக் கேட்பது இசையே இல்லை" என்று விளக்கினேன். விளக்கத்தில் குறையே இல்லை. இருந்தாலும் வாஷிங் மெஷினுக்கு அடியில் இருந்த ரப்பர் மேட்டை உருவிப் பியானோவுக்கு அடியில் போட்டேன்.

என் டீச்சர் பெயர் ஷீலா. கிழக்குத் தாம்பரத்தில் வீட்டு மாடியில் வகுப்பு. சர்ச்சில் வாசிக்கிறவர். என் மகனைவிட இளையவர். ஆனாலும் நான் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பால் பல் இன்னும் விழுந்து முடியவில்லை.

வேகம்தான் எனக்குப் பிரச்சினை. மெதுவாக வாசித்தால் எல்லாம் சரி. கொஞ்சம் வேகம் ஏற்றினால் நாலாவது விரலும் ஐந்தாவது விரலும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டம் மாதிரி. மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"சார், சீல் குத்தறீங்க. விரலோட வெயிட்டே போதும்."

"அழுத்தினாதானே மிஸ் சத்தம் வரும்?"

"வந்துடுச்சு இல்ல? அப்புறமும் ஏன் அழுத்திட்டே இருக்கீங்க? வேகம் அழுத்தறதுல இல்ல சார். விடறதுல இருக்கு."

ஆபீஸ் நிர்வாகப் பிரிவில் ஒரு ஆயுள் முழுக்க உட்கார்ந்தவனுக்கு விடுவது எளிதா? ஆனால் நடைமுறை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் சொன்னதைக் கேட்கிறவன் நான். மெட்ரோனோம் என்று ஒரு ஆப், ஒரே சீராக டிக் டிக் என்று அடிக்கும். கஷ்டமான இடத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு பிசகாமல் வந்தால்தான் டிக்கை ஒரு படி ஏற்றலாம். பிசகினால் பழைய படிக்கே இறங்க வேண்டும். பதவி உயர்வு, பதவி இறக்கம்... எனக்குப் புரிந்த பாஷை. விரல் கட்டையை விட்டு ரொம்ப எழும்பக் கூடாது, தோள் காதை நோக்கி ஏறக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். செய்து பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் படியவே இல்லை. 'ரெஸ்ட்'. பாட்டின் நடுவே நான் ஒன்றும் வாசிக்காமல் இருக்க வேண்டிய இடம்.

"வாசிக்காத இடத்தை எதுக்கு மிஸ் ப்ராக்டிஸ் பண்ணணும்?"

"அங்கதான் சார் எல்லா தடவையும் தப்பு பண்றீங்க. முன்னாடியே உள்ள வந்துடறீங்க. கையை மடியில வெச்சு எண்ணுங்க. அது வசந்தா மேடத்தோட இடம்."

வசந்தா மேடம் மத்திய அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். சேலையூர் கேம்ப் ரோடில் சொந்த வீடு, அதில் அவர் ஒருவர். வகுப்பில் பால் பல் விழுந்தவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் மிஸ் எங்களை ஜோடி சேர்த்து, ஒரே பியானோவில் நாலு கையால் வாசிக்கும் வால்ட்ஸ் ஒன்றைக் கொடுத்தார், ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணி வாசிக்கும் மேற்கத்திய நடன இசை. புத்தகத்தின் இடது பக்கம் எனக்கு. தடித்த சுரங்கள், 'டம்-சிக்-சிக்', நடுவில் இடது கைக்கு ஒரு தலைதெறிக்கும் ஓட்டம். வலது பக்கம் மேடத்துக்கு. மெட்டு முழுக்க அங்கேதான். பெஞ்சும் அப்படியே. இடது பாதியில் நான், வலது பாதியில் அவர்.

தப்பான கட்டையில் விரல் பட்டால் பியானோவைப் பார்த்து "சாரி" சொல்லுவார். நான் அவசரப்பட்டால் முழங்கையால் லேசாக இடிப்பார். எட்டாம் வகுப்பு மாணவன் மாதிரி அடங்கிவிடுவேன்.

வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். அங்கேயும் மேடம் விடமாட்டார். அவர் ஹேண்ட்பேக் மேல் விரலை ஓட்டுவார், நான் மடக்கின குடை மேல். தலைக்கு மேல் விமானப்படைப் பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போகும்போதும் எண்ணிக்கை தவறாது. ஒரு நாள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், நீயும் அக்காவும் தட்டிக்கினே வரீங்க? கச்சேரி எங்க?"

"இன்னும் தேதி குடுக்கலப்பா" என்றார் மேடம்.

"சொல்லுங்கக்கா, வந்து குந்திக்கிறேன். ஓசிதானே?"

தேதி கொடுக்கப்படவே இல்லை. மேடத்தின் முட்டி வலி அதிகமானது. ஓசூரில் இருக்கும் மகள் வந்து, தனியாக இருந்தது போதும் என்று வீட்டை வாடகைக்கு விட்டு, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வால்ட்ஸை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, உரிய வேகத்தில், நாங்கள் ஒரு தடவைகூட வாசித்து முடித்ததில்லை.

கடைசி வகுப்பில் மேடம் சொன்னார். "நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்க வருவேன் சார். அன்னிக்கு மிஸ் வீட்டுல ஒரே ஒரு தடவை முழுசா வாசிச்சுடலாம். நீங்க வேகத்தை ஏத்தி வைங்க."

ஏற்றினேன். கோடை முழுக்க, மழை வந்த பிறகும். பெஞ்சின் இடது பாதியில் உட்கார்ந்தே வாசித்தேன், யாரோ உட்காரப்போவது போல. 'டம்-சிக்-சிக்' மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறீர்களா? கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வராமல் தவில் மட்டும் வாசிப்பது மாதிரி இருக்கும். ஆனால் வேகம் வந்தது. ஒரு நாள் அந்த இடது கை ஓட்டம், புத்தகத்தில் போட்டிருக்கும் வேகத்திலேயே, மூச்சைப் பிடிக்காமல், வழுக்கிக்கொண்டு போனது. சொல்ல ஆள் இல்லை. குக்கரை இறக்கிவைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன்.

மேடத்தின் போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

இங்கே லைஃப் சர்டிபிகேட் தெரியாத இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், வருத்தமில்லாமல்.

"சார், ஒரு டவுட். லைஃப் சர்டிபிகேட்டுக்கு நான் அங்க நேர்ல வந்துதான் ஆகணுமா?"

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நடைமுறையைப் பற்றி என்னிடம் கேட்டால் பதில் அடுத்த நொடி வரும்.

"தேவையே இல்லை மேடம். மொபைல்லயே முடிச்சுடலாம். ஒரு ஆப் இருக்கு. முகத்தைக் காட்டினா கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினா போதும்."

"அப்போ வர வேண்டாம்ங்கறீங்க."

"வர வேண்டிய அவசியமே இல்லை."

அந்தப் பக்கம் ஒரு மௌனம். நான் அதை நிரப்பினேன். "ஆதார்ல இருக்கற மொபைல் நம்பரும் பென்ஷன் ஆபீஸ்ல குடுத்த நம்பரும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க."

"இல்ல... நேர்ல போறதுதான் நல்லதோன்னு நான்தான் பொண்ணுகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

"முட்டி வலியை வெச்சுக்கிட்டு எதுக்கு மேடம் அலைச்சல்?"

"சரி சார். தேங்க்ஸ்."

போனை வைத்தேன். ஒரு பென்ஷன்தாரருக்கு உதவிய திருப்தி. டீ போட்டுக் குடித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வால்ட்ஸைத் திறந்தேன். இடது பக்கம் கறுப்பாக, நெருக்கமாக, மனப்பாடமாக இருந்தது. வலது பக்கத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது.

ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவருக்கு, பக்கத்திலேயே மகள் இருக்கும்போது, ஒரு மொபைல் ஆப்பைப் பற்றி என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? விதி தெரிந்தவர்களின் கோளாறே இதுதான். கேள்வி காதில் விழுந்ததும் பதில் புறப்பட்டுவிடும். கேள்வி எதற்காக வந்தது என்று பார்க்க அது நிற்காது. வேகமாகப் பதில் சொல்லிப் பெயர் வாங்கியவன் நான். அந்த மௌனம் எனக்கு ரெஸ்ட் போட்ட இடம். எண்ணாமல் உள்ளே வந்துவிட்டேன். இடிக்க முழங்கை பக்கத்தில் இல்லை.

பியானோவை மூடினேன். வாசிக்கப் பிடிக்கவில்லை. இனி யாருக்காக அந்த வேகம்? மேடம் நேரில் வர வேண்டும் என்று சொல்லும் விதி எங்காவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. எனக்குத் தெரியாத விதியா? மிஸ் போன் செய்து வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். மழை என்றேன். அன்று நல்ல வெயில்.

அப்படிச் சில நாட்கள் போனபோதுதான் முரளி மணி அடித்தது. அவர் போன பிறகு வெகுநேரம் ஹாலில் நின்றேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு, எனக்கே தெரியாமல், தினமும் கீழ்வீட்டுக்குச் சான்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. நின்றதும் ஆள் வந்துவிட்டது. அரசாங்கமே ஒரு வருடம் காத்திருக்கிறது.

மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், அந்த லைஃப் சர்டிபிகேட்..."

"முடிஞ்சுது சார். நீங்க சொன்ன மாதிரியே. கண்ணைச் சிமிட்டினேன், உயிரோட இருக்கேன்னு சொல்லிடுச்சு."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அடுத்த வருடம் எப்போது செய்ய வேண்டும் என்ற விவரம். இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று.

மேடம்தான் பேசினார். "உங்க ஓட்டம் எப்படி இருக்கு?"

"புக்ல போட்டிருக்கற வேகம் வந்துடுச்சு மேடம்."

"நிஜமாவா? நான் கீபோர்டைத் தொட்டே ரொம்ப நாளாச்சு சார். இங்க வந்தப்புறம் கட்டிலுக்கு அடியில கிடக்குது. அந்த வேகத்துக்கெல்லாம் இனி என்னால வர முடியாது."

"மெதுவா வாசிக்கலாம். நீங்க எவ்ளோ மெதுவா சொல்றீங்களோ, அவ்ளோ மெதுவா."

"போன்லயா?"

"போன்ல முடியாது மேடம். ஒருத்தர் வாசிக்கறது இன்னொருத்தருக்குக் கொஞ்சம் லேட்டா கேக்கும். தாளம் நிக்காது. இதுக்கு ஆன்லைன் வசதி கிடையாது." ஒரு மூச்சு விட்டேன். "நேர்லதான் வரணும்."

அந்தப் பக்கம் மறுபடி மௌனம். மறுபடி எண்ணினேன். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"முட்டியைக் கேட்டுட்டு சொல்றேன் சார்" என்றார்.

இதுவரை சொல்லவில்லை. சொல்லாமலும் போகலாம். ஓசூர் தூரமில்லை. ஆனால் முட்டி வலியோடு ஒரு வால்ட்ஸுக்காக வரக்கூடிய தூரமா என்பது எனக்குத் தெரியாது. அதற்கு விதி எதுவும் இல்லை.

மெட்ரோனோமை ஆரம்பப் படிக்கு இறக்கிவிட்டேன். வேகம் ஏற்றுவது பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். அதைத் தனியாகவே செய்துவிடலாம் என்று இப்போது தெரிகிறது. பெஞ்சின் இடது பாதியில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்கிறேன். ரெஸ்ட் வரும் இடத்தில் கையை மடியில் வைத்து, வலது பக்கத்தைக் கண்ணால் படித்துக்கொண்டே எண்ணுகிறேன்.

நேற்று மாடிப்படியில் முரளி நிறுத்தினார்.

"சார், மறுபடி சத்தம் வருது, சந்தோஷம். ஆனா நடு நடுவுல நின்னு நின்னு போகுதே. ஏதாவது ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லை முரளி. அந்த இடத்துல வேற ஒருத்தர் வாசிக்கணும்."