பெயர்ப் பட்டியலுக்கு மேலே ஒரு படகு விளம்பரம்

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ நகரில் ஃபெலிசா பல்மாரெஸ் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த வேலையை ஊரே தினமும் பார்த்தது. எங்கள் செய்தித் தளத்தில் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் எந்த விளம்பரம் வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் வருவதற்கு முன் நடந்த கூத்தைக் கேளுங்கள்: கல்யாணச் செய்திக்குப் பக்கத்தில் சவப்பெட்டி, பிஷப்பின் தவக்காலப் பிரசங்கத்துக்குக் கீழே முழுப் பன்றி வறுவல்!

மனாங் ஃபெலிசா, எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா மாதிரி, ஒவ்வொரு செய்தியையும் உட்கார்ந்து படித்தார். புயல் செய்திக்கு மழைக்கோட்டு வந்தது. திருவிழாச் செய்திக்கு ஊர் பேக்கரி வந்தது. பேக்கரிக்காரர் ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டியோடு நேரில் வந்து நன்றி சொன்னார். நான் அங்கே படம் போடுகிறவன். அதில் பாதியைத் தின்றவனும் நானே.

அப்புறம் அந்தப் படகு கவிழ்ந்தது. எதிர்த் தீவுக்குப் போனது, முப்பத்தொரு பேர். காலை பத்து மணிக்குக் காணாமல் போனவர்களின் பட்டியலை ஏற்றினோம். மூன்று குறிச்சொற்கள் கொடுக்காமல் எங்கள் தளத்தில் எந்தப் பக்கமும் திறக்காது; அந்தச் சொற்களுக்குப் பொருந்தும் விளம்பரத்தைத் தளமே எடுத்துப் போடும். அவசரத்தில், பழகிய கையோடு, மனாங் கொடுத்தார்: படகு, தீவு, பயணம். அவ்வளவுதான். பெயர்களின் தலைமேல் ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்தது. கவிழ்ந்த படகின் அதே கம்பெனி. "தீவுக்குப் போகலாமா? இன்றே அழையுங்கள்!"

மனாங் மேனேஜர் எர்னானியிடம் ஓடினார். அந்த ஆளுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

"சார், அந்த விளம்பரத்தை உடனே எடுக்கணும்."

"எடுக்கவா? பைத்தியமா உனக்கு? இத்தனை பேர் ஒரு விளம்பரத்தை அமுக்கி நான் பார்த்ததே இல்ல. பொருத்தம்னா இதுதான் பொருத்தம்! உன் கைராசி, ஃபெலிசா."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன்.

"யார் சார் அமுக்குறாங்க?" என்றார் மனாங்.

"யாரா இருந்தா என்ன?"

மனாங் விளம்பரத்தில் இருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் மேசைமேல் வைத்தார். ஒரு பெண் எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"உங்க ஆளு பேர் என்னங்க? எங்கிட்ட லிஸ்ட் இல்லீங்க... நான் டிக்கெட் பதியற பொண்ணுங்க. காலையில இருந்து எல்லாரும் எங்கிட்டதான் கேக்குறாங்க. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"உன் தப்பில்ல, தங்கச்சி. தண்ணி குடி," என்று சொல்லி மனாங் போனை வைத்தார்.

எர்னானி கண்ணாடியைத் துடைத்தான். "பாவம்தான். ஆனா சனிக்கிழமை வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. என்னால எடுக்க முடியாது."

"நீங்க எடுக்க வேண்டாம் சார்."

தன் இடத்துக்கு வந்து மூன்று குறிச்சொற்களையும் அழித்தார். அந்த இடத்தில், பட்டியலின் முதல் மூன்று பெயர்களை அடித்தார்: ரொசெண்டோ கெலவேரா. நெனிதா கெலவேரா. ஜோமர் கெலவேரா, நான்கு வயது. மூவரும் ஒரே வீடு. அந்தப் பெயர்களுக்குப் பொருத்தமாக விற்க உலகத்தில் யாரிடமும் ஒன்றும் இல்லை. விளம்பரம் மறைந்தது. பட்டியலுக்கு மேலே வெறும் வெள்ளை.

பத்து நிமிடத்தில் எர்னானி கத்திக்கொண்டே வந்தான். "என்ன பண்ணி வச்சிருக்கே? அந்த இடம் காலியா கிடக்கு!"

மனாங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்க வீடும் அப்படித்தான் சார் கிடக்கு."