ஆத்துக்கு ஒருத்தர்

கல்யாணம், பூணூல், சீமந்தம், பதிமூன்றாம் நாள் சுபம் எதுவானாலும் பத்ரிநாராயணன் போய்விடுவார். சித்திரக்குளத்துப் பக்கத்து இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் இருப்பது மூன்றே பேர்தான்: அவர், மனைவி ஜானு, பிள்ளை சாய்சரண். ஆனால் அந்த மூன்று பேர் சார்பிலும் ஊரெங்கும் தலைகாட்டி வருகிறவர் அவர் ஒருவரே. மண்டப வாசலில் நின்று, "ஜானுவுக்குப் பாட்டு கிளாஸ், பையனுக்கு டெஸ்ட், எல்லாரும் ரொம்ப விசாரிச்சா" என்பார். இரண்டாம் பந்தியில் உட்கார்வார். தாம்பூலப் பையோடு வீடு திரும்பி அதை மேஜைமேல் வைத்தால், குடும்பமே போய்வந்ததாகக் கணக்கு.

"ஆத்துலேர்ந்து ஒருத்தர் போனாப் போறும்" என்பது அவர் கொள்கை. ஐம்பத்து நான்கு வயது வரை அது அவரைக் கைவிட்டதில்லை. சேப்பாக்கத்தில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. அங்கேயும் எந்தக் கூட்டமானாலும் பிரிவின் சார்பில் அவர்தான். உட்காருவார், தலையாட்டுவார், வருவார்.

சாய்சரண் கெட்டிக்காரன். அவனை அடையாறில் ஒரு சர்வதேசப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குச் சேர்த்தது சிங்கப்பூரில் இருக்கும் ஜானுவின் அண்ணா செய்த ஏற்பாடு. அங்கே இரண்டு வருஷம் படித்து டிப்ளமா வாங்கிவிட்டால் சிங்கப்பூரிலேயே கல்லூரி, மாமா வீட்டிலேயே ஜாகை. சேர்ந்த முதல் வாரம் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டுப் பிரிஸில்லா டீச்சர் விளக்கம் சொன்னார். சாந்தோமில் ஏழு தலைமுறையாக இருக்கும் குடும்பம். இருபத்தாறு வருஷமாக வாத்தியார் வேலை. சிரித்துக்கொண்டே பேசுவார், பேசியதை மாற்ற மாட்டார்.

"ஆறு பாடத்துக்குப் பரீட்சை உண்டு. அதைத் தவிர, ஒன்றரை வருஷம் ஏதாவது சேவை, உடற்பயிற்சி, கலைன்னு பிள்ளைங்க செய்யணும். செஞ்சதைப் பத்தி அவங்களே எழுதணும். இதுக்கு மார்க் கிடையாது. ஆனா இதை முடிக்கலைன்னா டிப்ளமாவும் கிடையாது."

பத்ரி தன் பாக்கெட் டைரியில் 'மார்க் கிடையாது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அதற்கடுத்த வாக்கியத்தின்போது அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

சேவைக்குச் சாய்சரண் தேர்ந்தெடுத்தது திருவான்மியூர் கடற்கரையில் ஞாயிறு காலைக் குப்பை பொறுக்கல். முதல் ஞாயிறே சங்கடம். திங்கட்கிழமை ஃபிசிக்ஸ் டெஸ்ட். பையன் புத்தகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்ரிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நீ படி. நான் போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்."

"நானே செய்யணும்னு சொல்லியிருக்காப்பா."

"ஆத்துலேர்ந்து ஒருத்தர் போனாப் போறும்டா."

சாய்சரண் இரண்டு நொடி யோசித்தான். பிறகு "சரிப்பா" என்று புத்தகத்தைத் திறந்தான். காபி கலந்துகொண்டிருந்த ஜானு, "இது என்ன சஷ்டியப்தபூர்த்தியா, நீங்க போய் அட்சதை போட்டுட்டு வரதுக்கு?" என்றாள். பத்ரி அதற்குள் படியிறங்கிவிட்டார்.

பறக்கும் ரயிலைப் பிடித்துக் கரைக்குப் போனால், அங்கே பத்துப் பேரை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார் முருகையன். பக்கத்துக் குப்பத்துக்காரர், வலைத் தொழிலை மகனிடம் விட்டுவிட்டுக் கரையைச் சுத்தமாக வைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டவர். அட்டையில் செருகிய ஒரு தாளை நீட்டினார். அதில் 'பெயர்' என்று போட்டிருந்தது. பத்ரி வந்தது சாய்சரண் சார்பில். அதனால் 'சாய்சரண்' என்று எழுதினார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முருகையன் அதைப் படித்துவிட்டு, "வா சரண் மாமா, இந்தா கோணி" என்றார். முதல் வாரம் திருத்தக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் நேரமில்லை. மூன்றாம் வாரத்துக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

தலைகாட்டிவிட்டு வருவதாகச் சொன்னவர் இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த வாரம் சாய்சரணுக்கு எந்த டெஸ்டும் இல்லை, இருந்தும் போனார். பிள்ளை மறுக்கவில்லை. பள்ளிக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டுமே என்றபோது, கையுறை போட்ட கையையும் கோணியையும் மட்டும் எடுத்துக் கொடுத்தார். கையுறைக்கு வயது தெரியாதல்லவா?

செய்ததைப் பற்றி எழுதுவதும் அவரே. எல்லாம் இங்கிலீஷில். ஆரம்பத்தில் பதினாறு வயதுப் பையன் எழுதுவதுபோல 'ரொம்ப ஜாலியாக இருந்தது' என்றெல்லாம் ஜாக்கிரதையாகத்தான் எழுதினார். நாலைந்து மாதத்தில் கைக்கு வேகம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகக் குறிப்பாணையும் நினைவூட்டுக் கடிதமும் தவிர எதையும் எழுதாத மனிதருக்கு, இன்று என்ன செய்தோம், எப்படி இருந்தது என்று கேட்க ஒரு ஃபைல் கிடைத்தால் சும்மா இருப்பாரா?

மார்ச் மாதம், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில், பிரிஸில்லா டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அந்த ஃபைல் இருந்தது.

"சார், இதுல ரெண்டு இடம் எனக்குப் புரியல. 'முட்டி வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு போனேன்'னு சாய்சரண் எழுதியிருக்கான்."

"சில பசங்களுக்கு வலிக்கும் மேடம். கால்சியம் கம்மி."

"சரி. இது? 'நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் இவ்வளவு பிளாஸ்டிக் கிடையாது. அப்போது நான் நண்டு பிடிப்பேன்.'"

பத்ரிக்கு முகத்தில் அசடு வழிந்தது. அந்த வரியை எழுதிய சாயங்காலம் நினைவிருந்தது. எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டிருந்தார்.

டீச்சர் ஃபைலில் இருந்த நம்பரைப் பார்த்து முருகையனுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். சாய்சரண் ஒழுங்காக வந்தானா என்று கேட்டார்.

"யாரு, நம்ம சரண் மாமாவா? ஒரு வாரம் தப்பமாட்டாரு டீச்சர். மழ பேயும்போதே வந்தாரு. வழுக்கத் தலையில துண்டக் கட்டிக்கினு குனிஞ்சாருன்னா நிமிர மாட்டாரு. இன்னா டீச்சர், அவருக்கு எதுனா பரிசு கீதா?"

"அப்புறம் பேசறேங்க" என்று டீச்சர் போனை வைத்தார். அவர் உதடு துடித்தது கோபத்தாலா, சிரிப்பை அடக்கியா என்று பத்ரிக்குத் தெரியவில்லை.

"சார், இந்த வேலைக்கு நான் வந்ததிலேர்ந்து இவ்வளவு உண்மையா ஒருத்தரும் எழுதிக் கொடுத்ததில்ல. உங்களுக்குன்னா இப்பவே பாஸ் போட்டுடுவேன். சாய்சரணுக்குப் போட முடியாது."

"மேடம், ஆத்துலேர்ந்து ஒருத்தர் போனா எல்லாரும் போன மாதிரிதானே? எங்க பழக்கம் அது."

"எங்க பாரிஷ்லயும் கல்யாணத்துக்கு அப்படித்தான் சார். ஞானஸ்நானத்துக்கு அந்தக் குழந்தையேதான் வரணும்."

இரண்டு மாதத்தில் பையன் செய்து முடித்துவிடுவான் என்று பத்ரி மன்றாடிப் பார்த்தார். மாதக்கணக்கில் செய்ய வேண்டியதை இரண்டு மாதத்தில் அடைக்க முடியாது என்றார் டீச்சர். பையன் நிஜமாகவே ஆடிய டேபிள் டென்னிஸையும் வாசித்த மிருதங்கத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். சேவை மட்டும் பூஜ்யம். பரீட்சை எழுதலாம். மார்க் வரும். டிப்ளமா வராது. விடுபட்டதைச் செய்து முடிக்க ஒரு வருஷம் கூடுதல் அவகாசம் உண்டு, அவ்வளவுதான்.

ஜூலையில் முடிவு வந்தது. நாற்பத்தைந்துக்கு நாற்பத்து மூன்று. பக்கத்து ஃப்ளாட் விஜயலக்ஷ்மி மாமி கல்கண்டோடு வந்து பையனின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். மார்க்குக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. 'டிப்ளமா வழங்கப்படவில்லை.' இரண்டே வாரத்தில் சிங்கப்பூர்க் கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. டிப்ளமா பெற்றவர்களுக்கே இடம், வருந்துகிறோம், அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம். ஜானுவின் அண்ணா, பையனுக்காக ஒழித்து வைத்த அறையைப் பூட்டிவிட்டதாக மட்டும் போனில் சொன்னார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சாய்சரண் கத்தவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான்.

"நானும்தான் சரின்னேன். தெரிஞ்சுதான் சரின்னேன், உன்னை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றான். உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, "பரீட்சைக்கும் நீயே போயிருக்கலாம்ப்பா. ஆத்துக்கு ஒருத்தர் போறுமே" என்றான்.

அன்று மத்தியானம் பத்ரி சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. பிள்ளைக்காக என்று சொல்லிச் சொல்லி ஒன்றரை வருஷம் தனக்குப் பிடித்ததைச் செய்திருக்கிறோம், அதற்கு அவன் ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜானு வற்றல்குழம்பை மறுபடி சுடவைத்து, "பட்டினிக்கும் நீங்கதான் பிரதிநிதியா? எங்களுக்கும் சேர்த்து நன்னா இருங்கோ" என்று தட்டை முன்னால் வைத்தாள்.

பிரிஸில்லா டீச்சர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இனி ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போடும் பையன் யாரென்று முருகையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கதையை யார் சொல்வது என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவும் பிள்ளையும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கரையில் வழக்கமான கூட்டம். கல்லூரிப் பெண் புஷ்ரா கையுறை விநியோகித்துக்கொண்டிருந்தாள். பத்ரியைக் கண்டதும், "சரண் அங்கிள், நாலு மாசமா எங்க போனீங்க?" என்றாள். சாய்சரண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

முருகையன் அட்டையை நீட்டினார். சாய்சரண் குனிந்து தன் பெயரை எழுதினான். முருகையன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அது மாமா பேராச்சே. உன் பேரப் போடு."

"இதான் என் பேர்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? எப்டி மாமா?"

எல்லோரும் பத்ரியைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அன்றைய பொழுது சுலபமாகப் போய்விடும். தலையாட்டுவதில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். தாளில் இருந்த பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்தார். அது தன்னுடையதைவிட மோசமாக இருந்தது.

"அது அவன் பேர்தான். அவன் வரவேண்டிய இடத்துக்கு நான் வந்து, அவன் பேரைப் போட்டுண்டிருந்தேன். அதனால அவனுக்கு டிப்ளமா போயிடுத்து. என் பேர் பத்ரிநாராயணன்."

புஷ்ராவின் கையில் இருந்த கையுறை அப்படியே நின்றது. முருகையன் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப இத்தினி நாளு குப்ப பொறுக்கினது?"

"நான்தான்."

"அத்த மட்டும் ஏமாத்தலையே?"

"இல்லை."

"அப்ப தம்பி பேருக்குக் கீழ உன் பேரு போடு மாமா. வேல கீது."

பத்ரி பேனாவை வாங்கினார். பெயர் நீளம். கட்டத்துக்குள் அடங்காமல் 'ணன்' வெளியே வந்துவிட்டது. முருகையன் இரண்டு கோணிகளை எடுத்துப் போட்டார்.

கால் மணி நேரத்தில் சாய்சரண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். மணலில் பாதி புதைந்த வலைத் துண்டு ஒன்று அவன் இழுப்புக்கு வரவில்லை. பத்து அடி தள்ளி இருந்த பத்ரி, ஒன்றரை வருஷப் பழக்கத்தில், கோணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அப்பா, அந்தப் பக்கம் போ" என்றான் சாய்சரண், வலையை விடாமல். "இது என்னோடது."

பத்ரி நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பிப் போய்த் தன் கோணியை எடுத்துக்கொண்டார்.