வாரேன்யா

மறதி நோய் முற்றி, என்னையே யாரென்று கேட்கத் தொடங்கிய அய்யாவை ராமநாதபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். வேலைக்குப் போகும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, கிளம்பும்போது அறை வாசலில் நின்று வழக்கம்போல, "வாரேன்யா" என்றேன்.

விடைபெறும்போது மகள் சொல்கிற வார்த்தை அது. அய்யாவுக்கு அந்த வழக்கமும் மறந்துவிட்டது. யாரோ வருவதாக நினைத்து, நகர்ந்து இடம்விட்டார்.

"வாத்தா, இங்கன வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். அன்றே எங்கள் ஊரான திருவாடானைக்குத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். இப்போது பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள செல்வி என்றொரு பெண் வீட்டுக்கே வருகிறாள்.

நாங்கள் இருவருமே போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்வதில்லை. திரும்பி வந்த பிறகுதான் வாசலில் நின்று, "வாரேன்யா" என்கிறோம். அவர் நகர்ந்து இடம்விடுகிறார்.