இறங்கிய கம்பி

தொண்ணூற்றைந்து வாக்கில், பொள்ளாச்சியில் ஒரு கல்யாணக் கச்சேரி. பந்திக்கு இடம் பார்க்கும் கூட்டத்துக்குச் சுருதி ஒரு கேடா என்ற இளக்காரத்தில், கிட்டாரில் மாட்டிய புதுக் கம்பிகளை இழுத்துப் பழக்காமலே மேடையேறினேன்.

பாட்டு நடுவே கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கியது. நிறுத்தி முறுக்க வெட்கம். என் கிட்டாரைக் கேட்டுப் பாடிய சரசுவும் கூடவே குரலை இறக்கினாள். சரியான சுருதியில் கீபோர்டு சேர்ந்ததும் பாட்டு நாறியது.

“சுருதி தெரியாம எதுக்கு அம்மணி பாட வந்தே? நாளைக்கு வரவேண்டாம் கண்ணு” என்றார் குழுத்தலைவர்.

சரசு என்னிடம் மட்டும் சொன்னாள்: “தனியா உட்டா உங்களைத் திட்டுவாங்கன்னுதான் தெரிஞ்சே நானும் கூட எறங்குனனுங்க.”

தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லாமல் குனிந்து கம்பியை முறுக்கினேன். கூட்டத்தின் மேல் இருந்த இளக்காரம் அன்று என் மேல் திரும்பியது. இன்னும் போகவில்லை.