கேட்காமல் இருக்கும் நோன்பு

கடவுளுக்கு ஓய்வே கொடுக்காத ஆள் என் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. ஒரு விரிப்புக்கு ஒரு வேண்டுதல், ஒரு நாளைக்கு அறுபது விரிப்பு. வீட்டுக் குழாய் ஒழுகுவது முதல் எனக்கு நல்ல புத்தி வருவது வரை எல்லாம் மேலே போய்விடும். அத்தான் அவளுக்கு வைத்த பெயர் 'மனுக்காரி'.

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் அவள் விட்டது இறைச்சியை அல்ல, கேட்பதை. "நாப்பது நாளும் எதுவும் கேக்கமாட்டேன். நன்றி மட்டும்தான்" என்று, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று அறிவித்தாள்.

"பாவம், அவரும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார் அத்தான்.

முதல் நாள் இருபதாவது விரிப்பிலேயே நன்றி தீர்ந்துபோய், கிழியாத ஓரங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒப்பேற்றினாளாம்.

இரண்டாம் வாரம், சவரம் செய்யும்போது அத்தான் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்கு அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த வாரம் அக்கா சோற்றைப் பிசைந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. அத்தான் தொண்டையைச் செருமினால்கூட அடுக்களையிலிருந்து ஓடிவருவாள். 'சுகம் தரப்போறதுக்கு நன்றி' என்று முன்கூட்டியே சொன்னால் அது கேட்பதில் சேருமா என்று என்னிடம் விசாரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் தொறந்து கேளுக்கா. இப்பக் கேக்காம எப்பக் கேக்கப்போற?"

"வாக்கு குடுத்துட்டேன்டி. மீறினா அது இவர் தலையில விடிஞ்சிருமோன்னு பயமா இருக்கு."

சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது. தவக்காலத்தின் நாற்பது நாளில் ஞாயிறு சேராது; அன்று கேட்கலாம். சொன்னதும், "இத இப்பதான் சொல்றியா?" என்று கையிலிருந்த துண்டால் என்னை ஒரு போடு போட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் முழங்காலில் இருந்தாள். பிறகு கோயில் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"வரமாட்டேங்குதுடி. கேக்கலாம்னு வாயெடுத்தா, காலையில அவர் காபி போட்டுக் குடுத்ததுக்கு நன்றி, சிரிச்சதுக்கு நன்றின்னு அதுவே வருது. கெடச்சது ஒரு நாள். அதையும் கோட்டைவிட்டுட்டேன்."

திங்களன்று மூவரும் ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கூப்பிட்டதும் அத்தான் எழுந்து, கட்டி மறையும்படி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அக்காவுக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்தபடியே, வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: "ஆண்டவரே, எனக்கு இவர் வேணும். கேட்டுட்டேன். கோபம்னா என்மேல காட்டுங்க, இவர் மேல வேணாம்."

சொல்லிவிட்டு, யாரோ பதில் சொல்வதைக் கேட்பவள்போல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். "கோபமே இல்லடி" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டே எழுந்து அத்தான் பின்னால் நடந்தாள்.

உள்ளே டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கெட்ட கட்டிதான், ஆனால் ஆரம்பம். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்றார். வெளியே வந்ததும் அக்கா உடைந்துவிடுவாள் என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் முகத்தில் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் பார்த்த தனிமை அதில் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய் மருந்து வாங்கிட்டு வாங்க" என்றாள். "எனக்கு ஆண்டவர்கிட்ட இன்னும் பேச வேண்டியிருக்கு."

எங்களை அனுப்பிவிட்டு பெஞ்சியில் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டாள்.