காதில் ஒரு வெட்டு

கல்யாணமான மூன்றாம் மாதம், ராமநாதபுரத்து சிடி கடையில் ஓர் ஆங்கிலப் படத்தை வாடகைக்கு எடுத்துவந்தேன். காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் கதை. நான் பள்ளியில் அறிவியல் வாத்தியார். என் மனைவி திருப்பாலைக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அதுவரை கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தாண்டி அவள் என்னிடம் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் பார்த்தோம். படம் முழுக்க ஒரு கிழவன் ஓர் இளைஞனைத் துரத்திக்கொண்டே இருந்தான். ஏன் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் புரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும், "ஏங்க, அந்தக் கெழவனும் இந்தப் பயலும் ஒரே ஆளுதான?" என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு பேருக்கும் இடது காதுல ஒரே எடத்துல வெட்டு இருக்கு. எங்க வீட்டு ஆட்டை அப்படித்தான் அடையாளம் பாப்போம். வயசான பொறகு திரும்பி வந்து, தன்னையவே தடுக்கப் பாக்குறான்."

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அவள் சொன்னது சரி.

"எனக்கு ஒண்ணுமே புரியல" என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தலையாட்டுனீக?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். விளக்கு வைக்கும் நேரம்வரை அவள் பேசப் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.