வேன் போகலாம், தங்கையன் போகக்கூடாது!

சர்க்கார் ரோட்டில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது? போன வியாழக்கிழமை வரை இதை நினைத்து எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. இப்போது வருகிறது. எழுதித் தீர்த்தால்தான் சோறு இறங்கும் போலிருக்கிறது!

என் தங்கை இராஜாக்கமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அவசரத்துக்குக் கருவாடு ஏற்றுகிற ஒரு பழைய வேன்தான் கிடைத்தது. டிரைவர் மீரான் நல்ல மனுஷன். வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்துக் கொடுத்தார்.

பாதி வழியில் ஒரு கோயில் தெரு. டவுனுக்குப் போக வண்டிக்கு வேறு வழி கிடையாது. நடுத்தெருவில் எந்தப் புண்ணியவான் போட்ட கல்லோ... டமார்! இறங்கிப் பார்த்தால் ஆயில் பேன் — அதுதான், இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி — வாய் பிளந்து கிடக்கிறது. ஆயில் முழுக்கத் தெருவில்.

“இனி ஓட்டினா இஞ்சின் பிடிச்சிப் போவும் அண்ணாச்சி. பேனை மாத்தியே ஆவணும். நாம வந்த பக்கம் தங்கையன் ஷெட்டு இருக்கு. அவன்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கும்” என்று ஓடினார் மீரான்.

தங்கையன் வந்தான். கொழும்பில் தொழில் படித்தவன். தோளில் ஆயில் பேன், கையில் ஆயில் டின். தெருமுனை வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

“வாப்பா! என்ன நிக்கே?” என்று கத்தினேன்.

“எங்க ஆளுவ இந்தத் தெருவுல கால் வைக்கப்பிடாதுல்லா அண்ணாச்சி! வந்தா அடிப்பாவ.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். நெற்றி நிறைய விபூதி. “வண்டி கெட்டதுக்கு நாங்க என்னவே செய்ய? ஊர்க்கட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா?”

“உள்ள பிள்ளைத்தாச்சி ஓய்! வலியில துடிக்கா!”

பெரியவர் முகம் வெளுத்தது. இரக்கம் என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“அய்யய்யோ! தெருவுக்குள்ள பெத்துப்போட்டா தீட்டுல்லா! நாளைக்கு சாமி பொறப்பாடு! எலே, எல்லாரும் வாங்கடே! வண்டியைப் பொறத்தால தள்ளுங்க!”

வீட்டுக்கு வீடு ஆண்கள் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வேனைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒருவன் நாலு எட்டு உள்ளே நடந்து வந்திருந்தால் முடிகிற காரியம்! அதற்குத் தெருவே மூச்சு வாங்குகிறது! நாக்கு வரை வந்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். தங்கச்சி உயிர் அவர்கள் கையில் அல்லவா இருந்தது?

தெருமுனையில் தங்கையன் வண்டிக்கு அடியில் புகுந்தான். உடைந்த பேனைக் கழற்றி, அட்டை வாஷர் வைத்து, கொண்டுவந்ததை முடுக்கினான். மேலே அலறல் கேட்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு குரல்: “கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கிடுங்க தங்கச்சி... இன்னா முடிஞ்சிது!”

ஆயில் ஊற்றினான். இஞ்சின் உறுமியது. “போற வழியில போல்ட்டு இளகினா மறுபடியும் ஒழுகும். நானும் கூட வாறேன்” என்று மீரானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

மறுபடியும் அதே தெரு. பெரியவர் பாய்ந்து வந்தார். “எலே தங்கையா...!”

“காலு வண்டியிலல்லா இருக்கு பாட்டா!” என்றான் அவன். சொல்லிக்கொண்டே ரப்பர் ஹாரனைப் பிடித்து ஓர் அமுக்கு. பாம்... பாம்... தெரு முடிகிற வரை கையை எடுக்கவில்லை. மொத்தத் தெருவும் சுவரோரம் ஒதுங்கி நின்றது. அந்த வேதனையிலும் என் தங்கை சிரித்துவிட்டாள்!

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்... என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். பிந்த வைத்தது ஆயில் பேனா, ஊர்க்கட்டா? நீங்களே சொல்லுங்கள்.

மீரானுக்கு டவுனிலேயே வேறு லோடு கிடைத்துவிட்டது. இரண்டு உயிரைக் காப்பாற்றிய தங்கையன் நடந்துதான் ஊர் திரும்பினான் — தெரு வழியாக அல்ல, வயல் வரப்பில் சுற்றி!